கேட் இல்லாத ரோடு

6-5-62, ஞாயிறு

காலையில் உளுந்து ஊறப்போட்டேன். அரைக்க மனமில்லாமல் அப்படியே புளித்துப் போயிற்று. கோடை விடுமுறை என்றுதான் பேர். பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளோடு கத்துவது இதைவிடத் தேவலை.

மத்தியான வண்டி ஊதிக்கொண்டு போயிற்று. இவர் வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது கை மட்டும் தானாக மேலே போயிற்று, விசில் கம்பியைப் பிடித்து இழுப்பது போல. ஒவ்வொரு வண்டிக்கும் அப்படித்தான். கை கீழே இறங்க எவ்வளவு நேரமாகும் என்று இப்போது எனக்கு மனப்பாடம்.

மாசி மாதத்தில் நடந்தது. பாவூர்ச்சத்திரம் பக்கம் ஆளில்லாத கேட். தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பொம்பளை குறுக்கே வந்தாள். இவர் ஊதியிருக்கிறார், பிரேக் போட்டிருக்கிறார். எஞ்சின் என்ன சைக்கிளா, நினைத்த இடத்தில் நிற்க? விசாரணையில் ‘டிரைவர் மேல் தவறில்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர்தான். கேட்டதற்கு ஒரு வார்த்தை. கேட்காவிட்டால் அதுவும் இல்லை. தூக்கம் கிடையாது.

வீட்டில் ரயில் என்ற சொல்லே எடுக்கக்கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். மகள் இராமலட்சுமியின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ரயில் படம் வருகிற பக்கத்தைச் சோற்றுப் பசை தடவி ஒட்டிவிட்டேன். வாத்தியாரம்மா செய்கிற காரியமா இது?

9-5-62

டாக்டரிடம் மறுபடி கூட்டிப் போனேன். நாடி பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார். “உடம்புல ஒரு கோளாறும் இல்லம்மா. நல்லாச் சாப்பிடச் சொல்லுங்க” என்றார். ஒரு ஊசி, ஒரு டானிக். இதோடு ஆறாவது பாட்டில்.

17-5-62

வாரப் பத்திரிகையில் வாசகர்களுக்கு வைத்திய ஆலோசனை சொல்கிறார்களே, அங்கே சித்திரை பிறந்ததும் எழுதிப் போட்டிருந்தேன். ‘ஒரு சகோதரி, தென்காசி’ என்று. இன்று பதில் வந்திருக்கிறது. இரண்டே வரி. “இது மனம் சம்பந்தப்பட்டது. தாமதியாமல் அருகிலுள்ள மனநோய் நிபுணரைக் கலந்து கொள்ளவும்.”

அருகிலுள்ள! நன்றாய் இருக்கிறது. தென்காசிச் சந்தையில் வெண்டைக்காய்க்குப் பக்கத்தில் கூறுகட்டியா வைத்திருக்கிறான் நிபுணரை? எழுதினவருக்குத் தென்காசி எங்கே இருக்கிறதென்று தெரியுமா?

ரயில்வே டாக்டரிடம் போகப் பயம். ‘மனம்’ என்று ஒரு எழுத்து பைலில் ஏறிவிட்டால், அப்புறம் மெடிக்கல் போர்டு, அப்புறம் வேலை போய் வீட்டில்தான். இருபத்திரண்டு வருஷம் எஞ்சினில் நின்ற மனுஷன். அதற்கு முன்னால் ஆளைத் தேற்றியாக வேண்டும். ஆளே போய்விட்டால் உத்தியோகத்தை வைத்து என்ன செய்ய? அதுவும்தான் பயம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் ரகசியமாய்ச் சொன்னார்: மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதோறும் மனசுக்கு ஒரு டாக்டர் பார்க்கிறாராம்.

23-5-62, புதன்

மதுரை போகவில்லை. போக முடியவில்லை.

ரயில் பாஸ் இருந்தும் பஸ்ஸில் ஏறினோம். ரயிலைப் பற்றி யோசித்தேனே தவிர கேட்டைப் பற்றி யோசிக்கவில்லை, மண்டு. கடையநல்லூர் ரோட்டில் ஊர் எல்லை தாண்டும் முன்னால் கேட் அடைத்திருந்தது. பஸ் நின்றது. தூரத்தில் புகை தெரிந்தது. பக்கத்தில் இவரைத் திரும்பிப் பார்க்கிறேன், சட்டை முழுக்க வேர்வை. “மங்களம், இறங்கணும். இறங்கணும்” என்றார். மூன்று மாதத்தில் என் பேரைச் சொன்னது இன்றைக்குத்தான். இதற்காகவா சொல்ல வேண்டும்?

கண்டக்டர், “என்னா அண்ணாச்சி, இப்பத்தான ஏறுனிய?” என்று கேட்டான். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். இறங்கி வெயிலில் நடந்தே வீடு வந்தோம்.

திருநெல்வேலி ரோட்டிலும் கேட் இருக்கிறது. ஊரை விட்டு எந்தப் பக்கம் போனாலும் கேட்தான். குற்றாலம் ரோடு ஒன்றில்தான் இல்லை. குற்றாலத்தில் என்ன இருக்கிறது, தண்ணீரும் குரங்கும்.

24-5-62

இட்லிக்கு அரைத்தேன். வேறொன்றுமில்லை.

14-6-62, வியாழன்

சாரல் பிடித்துவிட்டது. வடகரையிலிருந்து மூத்தார் வந்தார். இவருக்கு அண்ணன், நம்பிராஜன் என்று பேர். நல்ல மனுஷர், தம்பி மேல் உயிர். ஆனால் வாயைத் திறந்தால் தீர்ப்புத்தான்.

“மூளைச் சூடு, மங்களம். வேற ஒரு எழவும் இல்ல. தலைக்கு எண்ணெய் வச்சு ஒரு மண்டலம் அருவியில நிறுத்துனா தெளிஞ்சிரும். எங்கயெங்க இருந்தெல்லாமோ கட்டி இழுத்துட்டு வாராங்க. நமக்கு மூணு மைல். கூட்டிட்டுப் போகாம பேசாம இருக்கியே!”

“அத்தான், இவுக பைத்தியமில்ல” என்றேன்.

“நான் எங்கட்டி அப்படிச் சொன்னேன்? சூடுன்னுதான சொன்னேன்.”

நான் சரி என்று சொல்லிவிட்டேன். நம்பிக்கையால் இல்லை. அலுத்துப் போயிற்று. யாராவது ஒருத்தர் இதைக் கொஞ்ச நேரம் என் கையிலிருந்து வாங்கிக் கொள்ளட்டுமே என்று இருந்தது.

17-6-62, ஞாயிறு

இதை எழுதத்தான் வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு எனக்கு நானே வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன்.

மெயினருவியில் தண்ணீர் நிறைய. எண்ணெய் தேய்க்கிறவன் ஒருத்தன் பாறையில் உட்காரவைத்துத் தலையிலும் முதுகிலும் தேய்த்தான். இவர் தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்க நன்றாகக்கூட இருந்தது. அப்புறம் மூத்தாரும் எண்ணெய்க்காரனும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அருவிக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

நான் பெண்கள் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் தலையில் விழுந்ததும் இவர் கத்தியது அந்த இரைச்சலிலும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரைச்சல்! நான் காதை மூடித் திறந்து கேட்டேன். பாலத்தின் மேல் வண்டி போகிற சத்தம் அப்படியே. மூன்று மாதமாக வீட்டில் அந்தச் சொல்லைக்கூட ஒளித்துவைத்துவிட்டு, இன்றைக்கு இவரைப் பிடித்து எஞ்சினுக்குள்ளேயே நிறுத்தினேன்.

“விடுங்க அத்தான், விடுங்க” என்று கத்தினேன். அவர் காதில் விழவில்லை. விழுந்தாலும் விட்டிருக்க மாட்டார், கத்தினால் சூடு இறங்குகிறது என்று அர்த்தமாம். வலது கையை மடக்கிப் பிடித்திருந்தார்கள். அந்தக் கை மேலே போகப் பார்த்துக்கொண்டே இருந்தது.

வெளியே கொண்டுவந்தபோது இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மூத்தாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான்.

18-6-62

என் கையால் கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை. இராமலட்சுமி கொண்டுபோய்க் கொடுத்தாள், குடித்தார்.

2-7-62

அப்படியேதான்.

10-7-62, செவ்வாய்

எதிர்வீட்டு ஷமீம் பானு, மாவு சலிக்க வந்த மாதிரி வந்து காதோடு சொன்னாள். அவள் வீட்டுக்காரர் யாக்கூப் குற்றாலத்தில் சீசன் பங்களாக்களைப் பார்த்துக் கொள்கிறவர். “ஒரு லேடி டாக்டர் வந்து தங்கிருக்காங்க டீச்சரக்கா. மெட்ராசுல மனசு சரியில்லாதவங்களுக்குப் பாக்குதவங்களாம். யார்ட்டயும் சொல்லப்பிடாதுன்னு சொல்லிருக்காங்க. அவரு எங்கிட்டச் சொன்னாரு. நான் ஒங்கிட்டச் சொல்லுதேன். இதோட நின்னுரணும், ஆமா.”

மாதக் கடைசி வரைதான் இருப்பாராம். குற்றாலம்! கேட் இல்லாத ரோடு. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஷமீம் பானு பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

12-7-62, வியாழன்

அரைநாள் லீவு போட்டுவிட்டுத் தனியாகப் போனேன். டாக்டர் சுகிர்தம். நாகர்கோவில்காரர், ஐம்பது வயதிருக்கும். வராந்தாவில் காலை நீட்டிக்கொண்டு சாரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடிப்போயிற்று.

“டீச்சர், தினம் நாப்பது பேர் சொல்லுதத கேட்டுக் கேட்டு, காது புளிச்சுப் போயி வந்திருக்கேன். பதினஞ்சு நாளாவது ஒரு மனுஷக் குரலும் வேண்டாம்னுதான் இங்கன வந்தேன்.”

எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. இந்த அம்மாளும் என்னைப்போல அலுத்துப் போனவள்தான் என்று தோன்றியது. “சரிம்மா, வாரேன்” என்று எழுந்துவிட்டேன். படியிறங்கும்போது கூப்பிட்டார்.

“அன்னைக்கு என்ன நடந்துதுன்னு அவர் எப்படிச் சொன்னார்?”

“விசாரணையில எழுதிக் குடுத்திருக்காவ.”

“அது ரயில்வேக்கு. ஒங்ககிட்ட?”

நான் யோசித்து யோசித்துப் பார்த்தேன். சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நான் மட்டுமா? அண்ணன், டாக்டர், கூட வேலை பார்க்கிறவர்கள், யாருமே கேட்கவில்லை. நினைவுபடுத்தக்கூடாது என்று எல்லாரும் பேசி வைத்துக்கொண்டோம். இவர் மறந்திருந்தார் போலவும் நாங்கள் ஞாபகப்படுத்திவிடுவோம் போலவும்!

“இன்னைக்குப் போயி மொதல்ல அருவிக்காக மன்னிப்புக் கேளுங்க. அப்புறம் அத கேளுங்க. டாக்டரப் பாத்தேன்னும் மறைக்காமச் சொல்லுங்க. அவரா வந்தா நான் இருக்கேன். இழுத்துட்டு வந்தா பாக்க மாட்டேன்” என்றார்.

14-7-62, சனி

இரண்டு நாள் தைரியம் வரவில்லை. இன்று மத்தியான வண்டி போனதும் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். “அருவிக்குக் கூட்டிட்டுப் போனது என் தப்பு. இனிமே ஒங்கள யாரும் பிடிக்க மாட்டாங்க” என்றேன். டாக்டரைப் பற்றிச் சொன்னேன். “அன்னைக்கு என்ன நடந்துது? எனக்குச் சொல்லுங்களேன்” என்றேன்.

சுவரை விட்டு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “அவ பேரு என்ன?”

“யாரு பேரு?”

“தாள்ல ‘சுமார் நாப்பது வயசுப் பெண்’னு எழுதிருக்கான். பேரு போடல.”

நாலு மாதமாக அந்தப் பேரைத் தேடிக்கொண்டா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்?

21-7-62, சனி

பாவூர்ச்சத்திரம் பக்கம் அந்த ஊருக்குப் போய்வந்தேன். ஊர்க்காரர்கள் அடித்துத் துரத்துவார்கள் என்று பயந்துகொண்டேதான் போனேன். டிரைவர் வீட்டுக்காரி என்று சொன்னதும் டீக்கடையில் ஒருத்தர் பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். செத்தவள் பேர் பேச்சித்தாய். கல்யாணமான மகள் ஒருத்தி. “விசில நாங்கள்லாம் கேட்டோம் தாயி. அவளுக்கு ஒரு காது சுத்தமாக் கேக்காது. அதான்” என்றார்கள்.

இவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஓடிவந்து சொன்னேன். பேரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அப்புறம், “எந்தக் காது?” என்றார்.

“இடது.”

“நான் இடதுபக்கம் இருந்துதான் வந்தேன்” என்றார். அழ ஆரம்பித்துவிட்டார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. நானும் கூட உட்கார்ந்து அழுதேன். இராமலட்சுமி வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

23-7-62, திங்கள்

காலையில் தானே முகம் சவரம் செய்துகொண்டார். “அந்த அம்மா எந்தப் பங்களா?” என்று கேட்டார்.

நடந்தே போனோம். அருவிச் சத்தம் கேட்கிற இடம் வந்ததும் நின்றார். திரும்பிவிடுவார் என்று நினைத்தேன். மேல் துண்டைக் காதோடு தலைக்குச் சுற்றிக் கட்டிக்கொண்டு நடந்தார். டாக்டர் உட்பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். நான் வராந்தாவில் இருந்தேன். யாக்கூப் டீ கொண்டுவந்தார், எதுவும் தெரியாத மாதிரியே போய்விட்டார்.

31-7-62

டாக்டர் அம்மாள் இன்று மெட்ராஸ் போகிறார். ஆறு தடவை இவரைப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம், அவருடைய லீவில். மருந்தும் எழுதிக் கொடுத்திருக்கிறார், இப்போது இவர் நாலு மணி நேரம் தூங்குகிறார். “குணமாயிட்டுன்னு சொல்ல மாட்டேன் டீச்சர். கதவு திறந்திருக்கு, அவ்வளவுதான்” என்றார். மதுரையில் புதன்கிழமை பார்க்கிற டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். மதுரைக்கு எப்படிப் போவது என்று கேட்டேன். “ஒங்க வீட்டுக்காரரே சொல்லுவார், எப்போன்னு. நீங்க சொல்லாதீங்க” என்றார்.

ஒருத்தர் ஓய்வைப் பிடுங்கித் தின்றோம். அடுத்த வருஷமாவது அந்த அம்மாள் நிம்மதியாக இருக்கட்டும்.

19-8-62

மூத்தார் வந்தார். வெளுத்துப்போன தம்பி முகம் தெளிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, “பாத்தியா, அன்னைக்கு ஒருநாள் அருவித் தண்ணி விழுந்ததுக்கே இந்தத் தெளிவு” என்றார். சண்டை போடத் தெம்பில்லை. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

7-9-62

புத்தகத்தில் ஒட்டின பக்கத்தை நனைத்துப் பிரித்தேன். பாதி கிழிந்துவிட்டது. எஞ்சின் தப்பித்தது, பெட்டிகள் போய்விட்டன. இவர் பென்சிலால் பெட்டிகளை வரைந்து கொடுத்தார்.

2-10-62

ஆபீசிலிருந்து காகிதம். இனி எஞ்சின் கிடையாது, ஷெட்டில் வேலை. பயந்ததில் பாதி நடந்துவிட்டது. எனக்குத்தான் வயிறு எரிந்தது. இவர் படித்துவிட்டு மடித்து வைத்தார். “நானே அத கேக்கணும்னு இருந்தேன்” என்றார்.

15-10-62

“நாளன்னைக்குப் புதன்தான?” என்று கேட்டார். “ஆமா” என்றேன். புளியோதரை கிளறி வைக்க வேண்டும்.

17-10-62, புதன். மதுரை

கடையநல்லூர் ரோட்டில் கேட் அடைத்திருந்தது. அன்றைக்குப் போலவே. பஸ் நின்றது, புகை தெரிந்தது. நான் பையைக் கையில் எடுத்துக்கொண்டேன், இறங்கத் தயாராக.

இவர் ஜன்னல் பக்கம் இருந்தார். விசில் வந்தது. வலது கை மேலே எழும்பியது, வந்து என் கையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை முழுக்க ஈரம். வண்டி போகும்வரை விடவில்லை. ஒன்று, இரண்டு என்று உதட்டுக்குள் பெட்டிகளை எண்ணினார்.

“ஏசுவடியான்தான் டியூட்டி” என்றார். “விட்டுவிட்டு ஊதுதது அவன் ஒருத்தன்தான்.”

நான் மற்றக் கையால் பையை மடியில் இறக்கி வைத்தேன்.

“என்ன, பயந்துட்டியா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“நானும்தான்” என்றார்.

கேட்காரர் கேட்டைத் திறந்தார். பஸ் கிளம்பியது. ராஜபாளையம் வரை என் கையை விடவில்லை, அப்புறம் தூங்கிவிட்டார். இப்போது ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். எங்களுக்கு முன்னால் இன்னும் பதினோரு பேர்.