முதலில் எழுந்தவள்

1962, புரட்டாசி, செவ்வாய் இரவு

மன்னார்புரம் ஆபீஸில் ஐந்தரைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் மேனேஜர் எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருப்பதில்லை. பழைய மேனேஜர் ஏற்படுத்திய பழக்கம். அவர் மாற்றலாகிப் போயும் அது போகவில்லை. சேர்ந்த நாளிலிருந்து நானும் டைப்ரைட்டரை மூடிவிட்டு ஏழு மணிவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று முடியவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல். ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். பையை எடுத்ததும் ஹெட் கிளார்க் சுந்தரம் தாழ்ந்த குரலில், "வேண்டாம்மா. நீங்க இன்னும் பெர்மனென்ட் ஆகலை" என்றார். அது எனக்குத் தெரியாதா? மேனேஜர் அறையின் அரைக்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"வேலை முடிஞ்சிருச்சு சார். போயிட்டு வரேன்."

புது மேனேஜர் வாரப் பத்திரிகையை மடித்து வைத்தார். "போயிட்டு வாங்க. மத்தவங்களுக்கு அப்படி என்னதான் வேலை? தினமும் ஏழு மணி வரைக்கும் இருக்காங்க. அவங்களை விட்டுட்டு எப்படிக் கிளம்பறதுன்னு நானும் உக்காந்திருக்கேன்."

வெளியே வந்து அதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்குத்தான் அடக்க முடியவில்லை. பஸ் வருவதற்குள் மொத்த ஆபீஸும் தெருவுக்கு வந்துவிட்டது. சுந்தரம் பக்கத்தில் வந்து, "நாளைக்கும் நீங்களே முதல்ல எழுந்திருங்கம்மா. நாங்க பின்னாடியே வந்துடறோம்" என்றார்.

அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருக்கிறது. நாளை எனக்கு டைப் அடிக்க நிறைய இருக்கிறது, எப்படியும் ஏழாகிவிடும். அதுவரை எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

இருக்கட்டும்.