சயாம் போன சின்னான்

03.07.2025, வியாழன்

இன்று மேலூரில் மூன்று கல்யாணம், மூன்றுக்கும் நம்ம மைக்செட்தான். உண்மையைச் சொன்னால் ஒன்று காதுகுத்து, ஒன்று கடைத்திறப்பு. இருந்தால் என்ன, விசேஷம் விசேஷம்தானே. அழகுமலை சவுண்ட் சர்வீஸ் இல்லாமல் இந்தத் தாலுகாவில் ஒருத்தன் தாலி கட்டிவிட முடியுமா?

சாயந்தரம் அழகுபாண்டி அண்ணன் கடைக்கு வந்தார். ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் மாஜி பட்டாளத்தாருக்கு ஒரு சங்கம் வைத்திருக்கிறார். உலகப்போர் முடிந்து எண்பது வருஷமாம். இந்தப் பக்கத்திலிருந்து போய்ச் செத்தவர்கள் பேரையெல்லாம் கல்லில் வெட்டி, ஆகஸ்ட் பதினைந்து அன்று திறக்கிறார்கள். மைக்செட் சொல்லத்தான் வந்தார். நான் சும்மா இருப்பேனா?

"அண்ணே, எங்க தாத்தா சின்னான் பேரு அதுல இருக்கா?"

"ஒங்க தாத்தா பட்டாளமா?"

"என்னண்ணே இப்புடிக் கேட்டுப்புட்டீக? சயாம் சண்டையில செத்தவரு. ஒத்த ஆளா நின்னு ஒரு பாலத்தையே காத்தவரு!"

பாலம் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. வாயில் வந்தது. வந்தபிறகு பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. ரெஜிமென்ட் கேட்டார், மெட்ராஸ் என்றேன். நம்பர் கேட்டார், கரையான் தின்றுவிட்டது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டார்.

06.07.2025

கல்லுக்கு முன்னால் ஃபிளெக்ஸ் வேண்டும். கல்லை யார் நின்று படிக்கிறான்? தாத்தாவுக்குப் போட்டோ கிடையாது. ஃபிளெக்ஸ் கடைக் கம்ப்யூட்டர் தம்பி சொன்னான்: "சித்தப்பா, ஒங்க மூஞ்சியவே வெட்டி வச்சிருவோம். தாத்தா சாயல் பேரனுக்கு வராமயா போகும்?" புத்திசாலிப் பயல். இணையத்தில் எடுத்த ஏதோ ஒரு சிப்பாயின் உடம்பு, அதன் மேல் என் முகம், தொப்பி. மீசையை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னேன். 'வீரத் தியாகி சிப்பாய் சின்னான்.' கீழே மூலையில், 'இவண்: பேரன் அழகுமலை' என்று மறுபடியும் நான்.

08.07.2025

பஸ் ஸ்டாண்டு முன்னால் கட்டியாச்சு. இறங்குகிறவன் எல்லாம் முதலில் என்னைத்தான் பார்க்கிறான். தாத்தாவைத்தான்.

13.07.2025, ஞாயிறு

ஆம்ப்ளிஃபயர் ரிப்பேருக்குக் கோரிப்பாளையம் போனேன். சிஹாபுதீன் பாய் கைபட்டால்தான் அது பாடும். முப்பது வருஷப் பழக்கம். ஃபிளெக்ஸ் கதையைச் சொன்னேன். அவர் சால்டரிங் கம்பியைக் கீழே வைத்துவிட்டார்.

"எங்க அத்தாவுக்கு அண்ணன், எங்க பெரியத்தா, வெள்ளக்காரன் பட்டாளத்துல போயி பர்மாவுல மவுத்தாப் போனவரு மாப்ள. ரங்கூன்ல கல்லுல பேரு வெட்டி வச்சிருக்கான். ஆனா இங்க வாயத் தெறந்து சொல்ல முடியல. வெள்ளக்காரனுக்கு ஊழியம் பாத்தவருங்கிறாய்ங்க."

டீ கொண்டுவந்த மாஸ்டர் விடவில்லை. "அவய்ங்க சொல்றது தப்பா பாய்? எங்க தாத்தா நேதாஜி படை. ஒங்க பெரியத்தா சுட்டது எங்க ஆளத்தான்!"

"ஒங்க தாத்தா சுட்டதும் எங்க ஆளத்தானப்பா. ரெண்டு பேரும் வைகைத் தண்ணி குடிச்சவய்ங்க, பர்மாக் காட்டுல போயி ஒருத்தன ஒருத்தன் சுட்டுருக்காய்ங்க."

"எங்க தாத்தாவுக்கு சாகுற வரைக்கும் பென்சன் வந்துச்சு. தியாகின்னு பஸ் பாசு."

"அதாண்டா. ஒருத்தருக்குக் கல்லு, ஒருத்தருக்குப் பென்சன். ஒங்க தாத்தாவுக்கு என்ன மாப்ள?"

"எங்க தாத்தாவுக்கா? சயாம்லயே பளிங்குக் கல்லு இருக்கு பாய்! பேரு தங்க எழுத்துல."

"அப்புடியா! நம்ம யாசீன் இப்ப அங்கதான இருக்கான், டூர் ஆளுகளக் கூட்டிக்கிட்டு. தேடிப் போட்டோ எடுக்கச் சொல்றேன்."

ஆம்ப்ளிஃபயருக்கு இருக்கிற மாதிரி இந்த வாய்க்கும் ஒரு சுவிட்ச் இருந்திருக்கலாம்.

16.07.2025

பாய் மகன் முகமது யாசீன் போட்டோ அனுப்பியிருக்கிறான். காஞ்சனபுரி என்று ஊர். அந்தக் காலத்துச் சயாம்தான் இப்போது தாய்லாந்தாம். புல்லைப் பாய் விரித்த மாதிரி வெட்டியிருக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கல், ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. கூடவே பேசியும் அனுப்பியிருந்தான்:

"மாமா, வெள்ளக்காரங்க, ஆஸ்திரேலியாக்காரங்க, டச்சுக்காரங்க பேருதான் இருக்கு. ஜப்பான்காரன் புடிச்சுட்டுப் போயி ரயில் ரோடு போட வச்சுச் செத்தவங்களாம். நம்மாளுக பேரு இந்தத் தோட்டத்துல காணோம். ஆனா கைடு சொல்றாரு, மலேயாத் தோட்டத்துல இருந்து கொண்டாந்த தமிழாளுக இவங்களவிட ஏராளமாச் செத்தாங்களாம். அவங்கள எங்க பொதச்சாங்கன்னு கேட்டேன். தண்டவாளத்தக் காட்டுறாரு மாமா."

தாத்தா கல் வேறு ஊரில் இருக்கிறது என்று பாய்க்குச் சொல்லிவிட்டேன். பெண்டாட்டி தங்கப்பொண்ணு அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். இறங்கவில்லை.

19.07.2025

உச்சி வெயிலில் பஸ் ஸ்டாண்டு வழியாக வந்தேன். நம்ம ஃபிளெக்ஸின் நிழலில் ஒரு ஆள் குத்தவைத்திருந்தார். இடுப்பில் ஒரு துண்டு, அவ்வளவுதான். காலில் கந்தல் சுற்றியிருந்தது. அதில் ஈ. கல் குவாரிக்கு வேலை தேடி வந்தவராக இருக்கும் என்று நினைத்து வண்டியை நிறுத்தினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேலே ஃபிளெக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் திருப்பத்தூர் பஸ் வந்து நின்றது. அது நகர்ந்தபோது நிழல் மட்டும் கிடந்தது.

வெயில் தலைக்கு ஏறியிருக்கும். வேறென்ன?

24.07.2025, ஆடி அமாவாசை

எழுதிவிட்டால் தேவலை.

வருஷா வருஷம் போலத் தாத்தாவுக்குப் படையல். வீரனுக்கு உரிய மாதிரி சுருட்டு, ரம் பாட்டில், போன வருஷம் வாங்கிய பட்டாளத் தொப்பி. நடுவில் ஃபிளெக்ஸைச் சின்னதாகப் பிரிண்ட் போட்டு ஃபிரேமில் வைத்திருந்தேன். என் தங்கச்சி மகள் பாண்டிமீனா சூடம் காட்டினாள். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்க்கிற பிள்ளை. சாமியாடுகிறவர்களைப் பார்த்தால் பிரஷர் செக் பண்ணச் சொல்கிறவள். தட்டோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குரல் அவளுடையது இல்லை.

"அது யாரு மூஞ்சி? ஏண்டா எவன் மூஞ்சியவோ எனக்கு மாட்டி விட்டுருக்கீக?"

சூடம் தட்டில் எரிந்துகொண்டே இருந்தது.

"காலு எரியுதுடா. ஈ மொய்க்குது. கஞ்சித்தண்ணி குடுக்க நாதியில்ல. என்னைய எறக்கி விடுங்கடா... எறக்கி விடுங்கடா..."

தங்கப்பொண்ணு தண்ணீர் தெளித்தாள். எழுந்த பிள்ளை, "ஏன் மாமா இப்படி அழுவுறீங்க?" என்று என்னைத்தான் கேட்டாள்.

கால் விஷயம் இவளுக்கு யார் சொன்னது? நான் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லையே.

25.07.2025

எங்க அய்யா, என்னைப் பெத்தவர், தாத்தா கதையை ஒரே ஒரு தடவைதான் சொன்னார். வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னார். மலேயா ரப்பர் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் தாத்தாவை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனான். சம்பளம், சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லித்தான் ஏற்றினான். மூங்கில் குத்திய கால் புண்ணாகி, புண் எலும்பு வரை போனது. கூட இருந்து பிழைத்து வந்தவர் கடைசியாகப் பார்த்தபோது மூங்கில் கொட்டகையில் படுத்துக் கிடந்தாராம். மூச்சு இருந்ததாம். ரயில் ரோடு முன்னால் நகர்ந்தது, ஆட்களும் அதோடு நகர்ந்தார்கள். எப்போது செத்தார் என்று பார்க்க அங்கே ஆள் இல்லை.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எழுந்து, "எங்க தாத்தா சயாமில் சிப்பாய்" என்றேன். அதுவரை என்னை 'ஏலே' என்றே கூப்பிட்ட வாத்தியார், "உட்காரு அழகுமலை" என்றார்.

அந்த ருசி. அம்புட்டுத்தான்.

27.07.2025

தங்கப்பொண்ணு அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்:

"அவருக்கு யாராச்சும் கருமாதி செஞ்சீகளா?"

"சேதி வரலன்னு எங்கப்பத்தா கடைசி வரைக்கும் தாலிய எறக்கல. பெறகு நாந்தான் வீரன்னு படையல் போட்டுக் கும்புட ஆரம்பிச்சேன். சாமிக்கு எவண்டி கருமாதி செய்வான்?"

"அதத்தான் சொல்றேன். செத்த மனுசனுக்குக் கஞ்சிய வச்சு, அழுது, போய்ட்டு வாங்கன்னு அனுப்பணும். நீங்க அவர சாமியாக்கி இங்கயே புடிச்சுக் கட்டி வச்சிருக்கீக. எறக்கி விடுன்னா வேற என்னவாம்?"



02.08.2025

கல் பட்டறைக்குப் போனேன். அழகுபாண்டி அண்ணன் நின்று எழுத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கல், நம்ம ஊர்க் கல்தான். 'சிப்பாய் சின்னான்' வெட்டி முடித்துவிட்டார்கள். தொட்டுப் பார்த்தேன். விரல் எழுத்துக்குள் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, அவரு சிப்பாய் இல்ல. சயாம் ரயில் ரோட்டுக் கூலி. அப்புடியே மாத்தி வெட்டுங்க."

அவர் எழுத்திலிருந்து விரலை எடுத்தார். "நெனச்சேன். கரையான் நம்பர மட்டுமா திங்கும்னு."

"கூலின்னு போடுங்கண்ணே."

"கூலிக்கெல்லாம் வெட்டுனா கல்லு பத்தாது அழகுமலை."

"மேலூர்ல கல்லுக்கா பஞ்சம்? மலைய அறுத்து கப்பல்ல ஏத்துன ஊருண்ணே இது!"

"கோவப்படாத. இது பட்டாளச் சட்டை போட்டவனுக்கு வச்ச கல்லு. என்கூட இருந்தவன் அந்தச் சட்டையோட செத்திருக்கான், என் கண்ணு முன்னால. அதப் போடாதவருக்கு நான் மாட்டிவிட முடியாது." பட்டறைக்காரர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்தினார். "ஆனா வெட்டியாச்சு. நீ வாயத் தெறக்காம இருந்தா, நானும் தெறக்க மாட்டேன். ஒன் பேரப்புள்ளைக வந்து தொட்டுப் பாக்கும். இல்ல, மனசு கேக்கலன்னா சொல்லு, பேர எடுத்துர்றேன். நடுவால வழி இல்லப்பா."

03.08.2025

எங்கள் சனத்தில் கூலி என்று எழுத ஆளுக்கா பஞ்சம்? அய்யா கூலி. அம்மா கூலி. பண்ணை வீட்டில் கைகட்டி நின்றவர்கள்தான் அத்தனை பேரும். சிப்பாய் என்று எழுத ஒரே ஒருத்தர் இருந்தார். அவரையும் நானே இறக்கிவிட வேண்டுமா? கல் பொய் சொல்லாது என்பார்கள். சொல்லட்டுமே ஒரு தடவை. யார் குடி கெட்டுவிடும்?

கண்ணை மூடினால் அந்தக் கொட்டகை. ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள். நானும் போய்க்கொண்டிருக்கிறேன், தொப்பி போட்டுக்கொண்டு.

05.08.2025

எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஃபிளெக்ஸையும் நானே ஏறி அவிழ்த்தேன்.

15.08.2025, வெள்ளி

கல் திறந்தார்கள். பேரை எடுத்த இடத்தில் கறுப்புப் பசை அடைத்திருக்கிறார்கள். தூரத்திலிருந்து தெரியாது. வெயில் சாய்வாக விழுந்தால் அந்த வரி மட்டும் மங்கலாகத் தெரிகிறது.

பேர்களை வாசித்த பையன் அந்த இடம் வந்ததும் ஏனோ ஒரு நொடி நின்று, அடுத்த பேருக்குப் போனான். நான் மைக்செட் பெட்டிக்குப் பக்கத்தில் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சிஹாபுதீன் பாய் வந்திருந்தார். ஒயரின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

31.08.2025, ஞாயிறு

தாத்தாவுக்கு இன்று கருமாதி. உடம்புக்குப் பதிலாகப் புல்லில் ஓர் உருவம் கட்டி வைத்தோம். மொட்டை போட்டு மீசையையும் எடுத்துவிட்டேன். கண்ணாடியில் யாரோ.

பந்தலில் கேலி ஓடிக்கொண்டிருந்தது. "சிப்பாய்க்கு இப்பத்தான் சாவுச் சேதி வந்துச்சோ? தபால்காரன் எந்த வழியா வந்தான் மாப்ள?" என்றான் ஒருத்தன். எழுந்து நின்றேன். மைக்கை எடுக்கவில்லை.

"சிப்பாய் இல்ல. ரயில் ரோட்டுக் கூலி. கால் அழுகிச் செத்தாரு. பாலம் கீலம் எல்லாம் நான் சொன்னது."

பங்காளி முறையில் எனக்குப் பெரியப்பா, தொண்ணூறைத் தொட்டவர், நாற்காலியிலிருந்தபடியே சொன்னார்:

"தெரியும்டா. எங்க சித்தப்பனும் ஒங்க தாத்தாகூடத்தான் போனாரு. பொழச்சுத் திரும்பி வந்தவன் சேதி சொல்ல எங்க வீட்டுக்கும் வந்தான்ல?"

"தெரியுமா? பெறகு ஏன் பெரியப்பா இம்புட்டு நாளும் ஒரு வார்த்த சொல்லல?"

"நீ சிப்பாய்ன்னு சொல்லயில கேக்க நல்லாருந்துச்சுப்பா. எங்களுக்கும்."

பிறகுதான் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஒப்புக்கு அழுகிற அழுகை இல்லை. முகம் தெரியாத ஒருத்தருக்கு இப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது. கஞ்சியை ஊற்றி வைத்தேன். 'போய்ட்டு வாங்க தாத்தா' என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை வாயைத் திறந்தும் சத்தம் வரவில்லை. பாண்டிமீனாதான் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

21.09.2025, மாளய அமாவாசை

போன வாரம் அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து முத்துமீனா என்று ஒரு அம்மா போன் செய்தார். அவர் தாத்தாவும் மலேயாவிலிருந்து சயாம் போனவராம். ஊரில் எங்கள் வீட்டுக் கருமாதியைக் கேள்விப்பட்டு, "எங்களுக்கும் செய்யணும்ணே, பந்தலும் மைக்செட்டும் வேணும்" என்றார். இன்று போய்க் கட்டினேன்.

கூட்டம் நிறைய. "அண்ணே, நீங்களே ரெண்டு வார்த்த பேசிருங்க. ஒங்க வாய்தான் ஊரறிஞ்சதாச்சே" என்றார் அந்த அம்மா. மைக்கைக் கையில் எடுத்துவிட்டேன். காடு, மழை, யானை, புலி எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன.

"ஹலோ, ஹலோ" என்று மட்டும் சொல்லிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தேன்.

வாழ்நாளில் மைக் பிடிக்காதவர். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "எங்க தாத்தா பேரு ஒய்யங்கருப்பன்" என்றார். அதற்குமேல் வரவில்லை. கூட்டம் காத்திருந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வாங்கிப் பேசு என்கிற மாதிரி.

நான் வாங்கவில்லை.