மஸ்கட்டிலிருந்து ஓடிய மோட்டார்

ரெட்டியார்சத்திரம்,
12.9.2009

அன்புள்ள அத்தானுக்கு,

ஜீவிதா எழுதிக்கொண்டது. இங்கே நானும் பாப்பாவும் நலம். மாமா தேறி வருகிறார். அங்கே உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? வெயில் கொஞ்சமாவது தணிந்ததா?

வாராவாரம் வெள்ளிக்கிழமை போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். கல்யாணமான புதிதில் உங்களுக்கு எழுதியதோடு சரி. அதற்கப்புறம் நான் பேனா பிடித்ததெல்லாம் பாப்பாவின் வீட்டுப்பாடத்துக்குத்தான். ஆனால் இது போனில் பேசுகிற விஷயமில்லை. நம் வீடுதான் உங்களுக்குத் தெரியுமே, ஒரே கூடம். மாமாவின் கட்டிலை ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் கூடத்திலேயே போட்டுவிட்டோம். நான் போனைக் காதில் வைத்தால் நீங்கள் அங்கே பேசுவதுகூட அவருக்குக் கேட்கிறது. வாசலுக்கு எடுத்துக்கொண்டு போனாலோ, என்னத்தா ரகசியம் என்று கேட்டுவிடுகிறார்.

உங்கள் கம்பெனியில் இருக்கிற நம்ம ஊர் சகாயராஜ் அண்ணன் லீவு முடிந்து திங்கட்கிழமை கிளம்புகிறார். அவர் கையில் பூண்டு ஊறுகாயும் அதிரசமும் கொடுத்தனுப்புகிறேன். அதெல்லாம் ரூமில் எல்லோருக்கும். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். ரூமில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் படியுங்கள். வருகிற வெள்ளிக்கிழமை நீங்கள் மாமாவிடம் பேசுவதற்குள் கண்டிப்பாகப் படித்துவிட வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

பாப்பா நன்றாகப் படிக்கிறாள். முன்பல் ஒன்று விழுந்துவிட்டது, சிரித்தால் கையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். ஆவணி முகூர்த்தத்தில் மல்லிகைக்கு நல்ல விலை கிடைத்தது. நம் தோட்டத்தில்தான் பூ குறைவு. மேற்குப் பாத்தியில் செடியெல்லாம் மஞ்சளடித்துக் கிடக்கிறது. பூப்பறிக்க வருகிற மூக்காயி அக்கா, காலடியில் எந்நேரமும் தண்ணீர் நின்றால் மல்லி என்ன செய்யும் என்று என்னைத்தான் கேட்கிறாள். நான் யாரைக் கேட்பது?

அந்த மோட்டார் பெட்டியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்து அங்கேதான் வந்து நிற்கிறேன்.

போன தடவை லீவில் வந்து, சிம் போட்ட அந்தப் பெட்டியை ஸ்டார்ட்டர் பக்கத்தில் நீங்கள் மாட்டிவிட்டுப் போனபோது ஊரே வந்து பார்த்தது. மஸ்கட்டிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் இங்கே கிணற்றில் மோட்டார் ஓடுகிறது, இன்னொன்று கொடுத்தால் நிற்கிறது, பைசா செலவில்லை. மாமா டீக்கடையிலிருந்து ஆள் கூட்டிக்கொண்டு வந்து மோட்டார் ரூம் முன்னால் உட்கார வைத்து, உங்கள் காலுக்காகக் காத்திருப்பார். மோட்டார் உறுமியதும் ஒவ்வொருவர் முகத்தையும் ஒரு பார்வை பார்ப்பார். உங்கள் மகன் அங்கிருந்தே களையும் எடுப்பானா என்று உடையப்பன் சித்தப்பா கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். காலையில் நீங்கள் வேலைக்குக் கிளம்புமுன் அடிப்பீர்கள். நான் இங்கே பாப்பாவைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார் செய்துகொண்டிருப்பேன். தோட்டம் கூப்பிடு தூரம்தானே, சத்தம் கேட்டதும் அத்தான் எழுந்துவிட்டார், நன்றாக இருக்கிறார் என்று மனசு நிறைந்துவிடும்.

காலையில் ஒரு தடவையோடு நின்றிருந்தால் சரி. அப்புறம் மத்தியானமும் ஓடியது. சாயங்காலமும் ஓடியது. கரண்டு வந்தால் அந்தப் பெட்டி உங்களுக்கு மெசேஜ் அனுப்பும், கரண்டு போனாலும் அனுப்பும். நம் வீட்டில் கரண்டு வந்தது எங்களுக்குத் தெரியும் முன்னாலேயே உங்களுக்குத் தெரிந்தது. பாத்தி நனைந்தது போதும் என்று மாமா சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்துவார். மோட்டார் நின்றுவிட்டது என்று உங்களுக்கு மெசேஜ் வரும். கரண்டு போய்த் திரும்பியிருக்கும் என்று நினைத்து நீங்கள் மறுபடி ஓட விடுவீர்கள். மாமா மறுபடி நிறுத்துவார். ஒருநாள் நீங்கள் இரண்டு பேரும் இப்படியே மத்தியானம் வரை மல்லுக்கட்டினீர்கள். கடைசியில் மாமாதான் மண்வெட்டியைச் சாத்திவிட்டுச் சாப்பிட வந்தார். அவன் ஆசைக்கு ஓடட்டும் விடு என்றார்.

நான் உங்களிடம் சொல்லாமல் இல்லை. செடி அழுகுகிறது என்று சொன்னேன். நீங்கள் போட்டோ கேட்டீர்கள். என் போனில் எங்கே இருக்கிறது போட்டோ? போன மாதம் பாப்பா பல் விழுந்த கதையைச் சொல்ல ஓடி வந்தாள். நீங்கள் அவளிடம், மோட்டார் ரூமில் வோல்டேஜ் முள் எந்த நம்பரில் நிற்கிறது என்று பார்த்து வரச் சொன்னீர்கள். அவளும் ஓடிப்போய்ப் பார்த்து வந்து சொன்னாள். அதற்குள் உங்கள் கார்டில் காசு தீர்ந்துவிட்டது.

சகாயராஜ் அண்ணனும் ஒன்று சொன்னார். கட்டடத்தில் சாரத்தின் மேல் நிற்கும்போதும் ஒரு கையில் போனை வைத்துக்கொண்டே நிற்கிறீர்களாம். சூப்பர்வைசர் இரண்டு தரம் கண்டித்தும் கேட்கவில்லையாம். இதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கே உயரத்தில் நீங்கள், இங்கே பள்ளத்தில் மாமா. இரண்டு பேரையும் நினைத்துக்கொண்டு நடுவில் நான் எப்படி இருப்பேன் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா?

இனி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

மாமா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து தோள் எலும்பு உடைந்தது என்று உங்களிடம் சொன்னோம். தோள் எலும்பு உடைந்தது உண்மை. வழுக்கி விழவில்லை.

அன்றைக்குக் காலையில் நீங்கள் விட்ட மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் மோட்டாரைப் பிடித்துத் தொங்குகிற கயிறு நைந்து, மோட்டார் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதை இழுத்துக் கட்டுவதற்காக மாமா சிவப்புப் பொத்தானை அமுக்கி நிறுத்தினார். வழக்கம் போலத் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஸ்டார்ட்டர் மேல் போட்டார். துண்டு கிடந்தால் கிணற்றுக்குள் ஆள் இருக்கிறது, பச்சைப் பொத்தானை யாரும் தொடக்கூடாது. இது நம் வீட்டுச் சட்டம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், அழுக்காக இருக்கிறதே என்று அந்தத் துண்டைத் துவைக்க எடுத்துவிட்டேன். நீங்கள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டத்து ஆட்களெல்லாம் ஓடி வந்தார்கள். உள்ளே நிற்பது என் அப்பாடி என்று சொல்லி, என்னிடமிருந்து துண்டைப் பிடுங்கி மறுபடி ஸ்டார்ட்டர் மேல் போட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அன்றைக்கும் துண்டு கிடந்தது அத்தான். ஸ்டார்ட்டரையும் உங்கள் பெட்டியையும் சேர்த்து மூடிக் கிடந்தது. மஸ்கட்டிலிருந்து பார்த்தால் துண்டு எப்படித் தெரியும்?

மோட்டார் நின்றுவிட்டது என்று உங்களுக்கு மெசேஜ் வந்திருக்கும். நீங்கள் எப்போதும் போல மறுபடி அடித்திருப்பீர்கள். மாமா இடுப்பளவு தண்ணீரில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேபிள் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் இற்றுப்போயிருந்ததாம். அதை யாரும் கவனிக்கவில்லை. கரண்டு அவரைத் தூக்கிக் கல் படியில் அடித்துத் தண்ணீருக்குள் தள்ளிவிட்டது. மேற்குப் பாத்தியில் பூப்பறித்துக்கொண்டிருந்த மூக்காயி அக்கா அலறல் கேட்டு ஓடிவந்து, மெயின் கைப்பிடியில் தொங்கி அதை இறக்கியிருக்கிறாள். அப்புறம்தான் உடையப்பன் சித்தப்பாவும் மற்றவர்களும் குதித்து மாமாவைத் தூக்கினார்கள்.

நான் அப்போது வீட்டில் பாப்பாவுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். நின்ற மோட்டார் திரும்ப ஓடுகிற சத்தம் எனக்கும் கேட்டது. உங்கப்பாவுக்கு அங்கே வேறு வேலையே இல்லை போல என்று பாப்பாவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு நினைவு திரும்பியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன முதல் பேச்சு இதுதான்: "மோகனுக்குத் தெரிய வேணாம்த்தா. நான் வழுக்கித்தேன் விழுந்தேன், கேட்டியா?" அங்கே நிற்கும்போதுதான் உங்கள் கால் வந்தது. மோட்டார் எடுக்க மாட்டேன் என்கிறது, வீட்டில் எல்லோரும் என்ன செய்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டீர்கள். பெட்டிக்கு டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டவரெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டியில் இருந்த சிம்மை நான்தான் எடுத்து பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். மாமாவுக்கும் தெரியாது.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. தெரிந்தா செய்தீர்கள்? உங்களுக்குச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் மாமா விட மாட்டேன் என்கிறார். கட்டிலில் படுத்துக்கொண்டு, ஏன் இன்னும் மோட்டார் தானாக ஓடவில்லை என்று தினமும் கேட்கிறார். நீங்களும் போனில் மெக்கானிக்கைக் கூட்டி வந்து காட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அவரே ஆள் விட்டு, ஒட்டன்சத்திரத்து மெக்கானிக்கை வருகிற சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். வந்தால் அவன் வேறு சிம் போட்டுவிட்டுப் போய்விடுவான். கயிறு இன்னும் கட்டாமல்தான் கிடக்கிறது. தோள் கொஞ்சம் தேறியதும் தானே இறங்கிக் கட்டப் போகிறாராம். வேறு ஆளை இறங்க விட மாட்டாராம்.

இந்தப் பெட்டியே வேண்டாம் மாமா, கழற்றிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அவன் அங்கன ஒத்தையில கெடக்கான். இங்க தண்ணி பாயுறது ஒண்ணுதேன் அவனுக்கு நம்மகூட இருக்குற மாதிரி. அதையும் புடுங்கச் சொல்றியா?" அதோடு விடவில்லை. உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று பாப்பா தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார். அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது அத்தான். கிணற்றுப் பக்கம் யார் போனாலும், பாப்பா தொட்டியில் கை விட்டாலும், ஓடிப்போய் மெயினைப் பார்க்கிறேன். சிம் பீரோவில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

நான் சொன்னால் மாமா கேட்க மாட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார். அதனால் வெள்ளிக்கிழமை நீங்களாகச் சொல்வது போல ஒன்று சொல்லுங்கள். சைட்டில் சூப்பர்வைசர் போனை வாங்கி வைத்துக்கொள்கிறான், இனிமேல் மோட்டாருக்கு அடிக்க முடியாது, பெட்டியைக் கழற்றிவிடுங்கள், இனி நீங்களே பார்த்துப் பாய்ச்சுங்கப்பா என்று சொல்லுங்கள். கயிறு கட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், உடையப்பன் சித்தப்பாவிடம் நான் பேசிவிட்டேன். சூப்பர்வைசர் மேல் எரிச்சலாகச் சொன்னால் மாமா நம்பிவிடுவார். அதற்காக நிஜமாகவே சாரத்தில் போனை எடுப்பதையும் விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

காலையில் யாருக்காவது அடிக்காமல் இருக்க முடியாது என்றால் எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். அத்தான் எழுந்துவிட்டார் என்று தெரிந்துகொள்கிறேன். காசு இருக்கிற அன்றைக்குக் கட் செய்யாமல் விடுங்கள், எடுத்துப் பேசுகிறேன்.

இதைப் படித்துவிட்டு அழுவீர்கள் என்று எனக்குத் தெரியும். அழ வேண்டியதை வெள்ளிக்கிழமைக்குள் அழுது முடித்துவிடுங்கள். முருகன் புண்ணியத்தில் மாமா நமக்கு முழுசாகக் கிடைத்துவிட்டார். நீங்கள் கேட்டால் வழுக்கி விழுந்தேன் என்றுதான் சொல்வார். பார்த்து இறங்கக் கூடாதாப்பா என்று எப்போதும் போல ஒரு சத்தம் போடுங்கள். குரல் மட்டும் உடைந்துவிடக் கூடாது. அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது.

உங்கள் குரலுக்காகக் காத்திருக்கும்,
ஜீவிதா