வெயிலில் வைத்த செல்கள்

நிலா நிலையம், 212ஆம் நாள். காலை 9.10
எழுதுவது வெள்ளத்தாய், கீரை அறைப் பொறுப்பு. காற்று சரி. தண்ணீர் சரி. தண்டங்கீரை நான்கு விரல் வளர்ந்திருக்கிறது. இத்தனை நாளில் என் கையில் ஒரு செடிகூடப் பட்டுப்போனதில்லை. ஓட்டுநர் கிரகோரியும் டாக்டர் செண்பகவல்லியும் வண்டியில் பாறை எடுக்கப் போயிருக்கிறார்கள். இங்கே நான் மட்டும்.

கைக்கேமரா செல் நான்கும் சார்ஜில். கிரகோரி சொன்னது: பழசும் புதுசும் கலக்கக் கூடாது, கூட்டல் கழித்தல் குறி பார்த்துப் போட வேண்டும், மேல்தோல் கிழிந்ததைப் போடவே கூடாது.

11.25
சூரியப் புயல். வெளிக்கேமரா எல்லாம் செத்தன. சார்ஜரும் போயிற்று. வண்டி திரும்பி வருகிறது. அதில் இரண்டு மணி நேரக் காற்றுதான்.

வெளிக்கதவின் ஆறு கொக்கியும் திறந்திருந்தால்தான் வண்டி வந்து ஒட்டலாம். ஒன்று மாட்டியிருந்தாலும் கதவு கிழியும். கொக்கிகள் கண்ணுக்கு எட்டாத பள்ளத்தில். இரும்புப் பெட்டிக்குள் இருந்த கைக்கேமரா பிழைத்தது. அதைக் கம்பியில் கட்டி, கொக்கிப் பள்ளத்துக்குள் நீளும் கண்ணாடி முனைப் பார்வைக் குழாய்க்குள் விட்டுப் படம் எடுத்தால் வண்டித் திரையில் தெரியும்.

12.05
செல்களைக் கேமராவில் போட்டுப் பார்த்தால் ஒரே கோடு சார்ஜ். ரேடியோவில் கிரகோரி: "ஒரு படத்துக்குத் தாங்கும் யக்கா. நான் பக்கத்துல வந்து சொல்லுதேன், அப்ப எடுங்க."

ஒரு படம் மங்கிப்போனால்? எங்கள் வீட்டில் ரேடியோ செல், எங்கள் பேச்சில் கட்டை, தீர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலில் வைப்போம். இன்னும் இரண்டு நாள் பாடும். நான்கையும் எடுத்து ஜன்னலில் வைத்தேன்.

12.31
இது ஊர் வெயில் இல்லை. இரண்டு செல் உப்பித் தோல் வெடித்துவிட்டது. ஒன்று சீறுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது.

கிரகோரி: "கட்டைய என்ன மோர்மிளகாயா, காயப்போட? கையால தொடாதிய. இடுக்கியில எடுத்து மண்ணுத் தொட்டியில போட்டுட்டுத் தள்ளி நில்லுங்க. ஏசணும்னா மூச்சு செலவாகும், வந்து ஏசுதேன்."

போட்டேன். அவர்களுக்கு மிச்சம் ஐம்பது நிமிடக் காற்று.

12.48
காற்று குறைந்தால் அடிக்கும் மணியில் அதே வகைச் செல் நான்கு. முழுச் சார்ஜ். கழற்றினேன். உலர்ந்த துணியால் முனைகளைத் துடைத்தேன். அவசரத்தில் கேமராவில் ஒன்றைத் தலைகீழாகப் போடப் போய், குறி பார்த்துத் திருப்பிப் போட்டேன். குழாய்க்குள் விட்டு எடுத்த படம் வண்டிக்குப் போய்ச் சேர்ந்தது.

செண்பகவல்லி: "படம் பளிச்சுனு இருக்கு. கட்டை ஏதுக்கா?"

நான்: "வெள்ளத்தாய்கிட்ட இல்லாத கட்டையா? வேலையைப் பாருங்க."

கதவு திறந்த கையோடு மணியில் திருப்பிப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

கிரகோரி: "அஞ்சு கொக்கி சரி. நாலாவது பாதிதான் வந்திருக்கு. கைப்பிடியப் புடிச்சு இழுங்க."

1.03
இரண்டு கையாலும் தொங்கி இழுத்தேன். நிலையமே அதிர்ந்தது. கொக்கி விட்டுவிட்டது. கிரகோரி: "யக்கான்னா யக்காதான்!"

கேமரா குழாய்க்குள் சிக்கிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. செல்கள் அதற்குள்.

1.11
வண்டி ஒட்டிவிட்டது. ஒட்டியதும் ரேடியோ தானாக அணைந்துவிடும். கதவு திறக்கப் பத்து நிமிடம்.

காது அடைக்கிறது. குழாயில் மெல்லிய இரைச்சல். கொக்கியை இழுத்த அதிர்வில் அதன் முனைக் கண்ணாடி விரிசல் விட்டிருக்க வேண்டும். கேமரா அடைத்திருப்பதால் மூடியும் போட முடியவில்லை. துணி அடைத்தேன். துணியை உள்ளே இழுக்கிறது.

1.15
காற்றழுத்த முள் சிவப்பில். மணி அடிக்கவில்லை. அது எப்படி அடிக்கும்?

மணி சும்மா இருந்தால் உள்ளே காற்று நன்றாக இருக்கிறது என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத்தான் நுழைவார்கள். அதுதான் வழக்கம். கதவைத் தட்டினேன். அந்தப் பக்கம் கேட்காது. என் காற்று முகமூடி கீரை அறையில். கால் எழவில்லை. இந்தத் தாளைக் கிழித்துக் கதவுக் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன்.

1.18
கிரகோரி டாக்டர்
ஹெல்மெட் கழற்றாதீங்க
மணியை நம்பாதீங்க அதில் செல் இல்லை நான்தான் எடுத்