சமையல் மேடையின் உயரம்

அன்புள்ளவளுக்கு,

சமையலறை வேலை பாதி முடிந்துவிட்டது. பழைய மேடையை இடித்த அன்று தெருவே தும்மியது. நீ தேர்ந்தெடுத்த வெளிர்பச்சை டைல்ஸைத்தான் ஒட்டுகிறார்கள்.

நேற்று மேஸ்திரி, "மேடை எவ்வளவு உயரம் சார்?" என்று கேட்டார். விபத்துக்கு முன்னால் நாம் இருவரும் சேர்ந்து எழுதிய அளவுச்சீட்டு என் சட்டைப்பையில்தான் இருந்தது. "நான் நின்னு சமைக்கப்போற மேடைங்க, ஒரு அங்குலம்கூடக் குறைச்சிடாதீங்க" என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் நீ சொன்னதையும் மறக்கவில்லை.

ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கையை நீட்டிப் பார்த்தேன்.

"அரை அடி குறைச்சிடுங்க. அடியில அலமாரி வேண்டாம், சக்கரம் உள்ள போற மாதிரி காலியா விடுங்க" என்றேன்.

"அம்மாவுக்குத் தெரியுமா சார்?"

"இன்னும் சொல்லல."

அவர் சுவரில் கோடு போட்டார். இன்று காலை கல்லைப் பதித்தாகிவிட்டது.

என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு என்ன சொன்னார் என்று நீ கேட்டாய். "ஒண்ணுமில்ல, மாத்திரை விஷயம்" என்று மழுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். மறுபடியும் கேள். இந்தத் தடவை உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

உன் வீட்டுக்காரன்