இரண்டாவது எட்டு

பாலிகுரான், லிமெரிக்
1908 ஜூலை 21, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி மொரிஸுக்கு,

அக்கா ஹனோரா எழுதுவது. இங்கே நானும் மாடுகளும் சுகம். லண்டனில் நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். அதை நான் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்று சொல்லத்தான் அவசரமாக உட்கார்ந்திருக்கிறேன்.

மேட்டு வயல் புல்லை அறுத்துப் போட்டாயிற்று. காய்வதற்குள் இரண்டு தடவை மழை பிடித்துக்கொண்டது. சிவப்புப் பசு சரியாக மேய்கிறதில்லை. அதெல்லாம் கிடக்கட்டும்.

உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. சனிக்கிழமை நடக்கும் மும்முறைத் தாண்டல் போட்டிக்கான பயிற்சி மைதானத்தில் நீ நம் ஊர் வழக்கப்படி வலது காலிலேயே இரண்டு தத்துத் தத்தி, மூன்றாவதில் பாய்ந்தாயாம். அங்கிருந்த நடுவர் தலையை ஆட்டி, இது செல்லாது, முதல் தத்து எந்தக் காலில் இறங்கினாலும் இரண்டாவது எட்டு மறு காலில்தான் இறங்க வேண்டும் என்றாராம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். படித்ததும் எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஞாயிறு பூசை முடிந்து குறுக்குச் சாலையில் குதிக்கிறவர்கள், நம் அப்பா உள்பட, எல்லோரும் ஒரே காலில்தான் குதித்தார்கள். உலகமே அப்படித்தான் குதிக்கிறது என்று இந்தப் பங்கு ஊர் முழுக்க நம்பிக்கொண்டிருந்தது. உன்மேல் என்ன தப்பு?

ஆனால் அதற்கு அடுத்த வரிதான் என்னை உலுக்கிவிட்டது. "பரவாயில்லக்கா, ரெண்டு நாளா எடது கால்ல எறங்கிப் பழகுறேன். கணுக்கால் லேசா வீங்கியிருக்கு, பச்சத் தண்ணியில வச்சா சரியாயிடும்" என்று எழுதியிருக்கிறாய். அடுப்பில் உருளைக்கிழங்கு கரிந்த நாற்றம்கூட எனக்கு உறைக்கவில்லை.

போட்டி விதிமுறைத் தாளை அனுப்பாத நம் விளையாட்டு மன்றச் செயலாளர் கான் மல்கஹியை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். அதையே மன்றத்து ஆட்களுக்கும் எழுதிவிட்டாய் போலிருக்கிறது. இன்று காலை பால்பண்ணை வாசலில் கான் வண்டியை நிறுத்தியதும், "செயலாளர் ஐயா வர்றாரு, வழி விடுங்கடா! எந்தக் கால முன்னாடி வைக்கணும்னு அவருகிட்ட கேட்டுக்கிட்டு நடங்க!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். கான் தலை நிமிராமல் பால் கேன்களை இறக்கினான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

கான் அந்தத் தாளை அனுப்பினான், மொரிஸ். ஜூன் மாதமே அனுப்பினான். நீ அடுப்பெரிக்கச் சதுப்பு நிலத்தில் கரிமண் கட்டி வெட்டப் போயிருந்தாய். தபால்காரர் என் கையில் கொடுத்தார். படித்துப் பார்த்து, மடித்து, மாவுப் பெட்டிக்கு அடியில் வைத்தவள் நான்தான். இதோடு இணைத்திருக்கிறேன்.

ஏன் என்று கேட்பாய். இரண்டு வருஷம் முன்னால் வண்டிச் சக்கரம் உன் இடது காலில் ஏறியதல்லவா? கட்டுப் பிரித்த அன்று வைத்தியர் ப்ராஸ்னன் உன் முதுகில் தட்டி, "குதிர மாதிரி ஆயிட்ட, போடா" என்றார். பிறகு என்னை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கூப்பிட்டு வேறு சொன்னார். "எலும்பு கூடிருச்சு ஹனோரா, ஆனா நேராக் கூடல. நடக்கும், உழும், மலையும் ஏறும். ஓடி வந்து மொத்த ஒடம்பும் அந்த ஒத்தக் கால்ல எறங்குச்சுன்னா மறுபடி பொளந்துக்கும். ரெண்டாந் தரம் என்னால கட்ட முடியாது. எவனாலயும் முடியாது."

உன்னிடம் சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. வலது காலில்தானே குதிக்கிறான், எதற்கு அவனைப் பயமுறுத்த வேண்டும் என்று நானாக விட்டுவிட்டேன். பிறகு அந்தத் தாள் வந்தது. கொடுத்திருந்தால் அன்றைக்கே வயலில் இறங்கி இடது காலைப் போட்டு உடைத்திருப்பாய். உன் வீம்பு எனக்குத் தெரியாதா? கொடுக்காவிட்டால் லண்டனில் செல்லாது என்று ஒதுக்கிவிடுவார்கள், அவமானத்தோடு வந்தாலும் காலோடு வருவாய், அவமானம் அறுவடைக்குள் ஆறிவிடும் என்று நினைத்தேன். போட்டிக்கு முன்பே யாரோ ஒரு நடுவர் உனக்குச் சொல்லிக்கொடுப்பார் என்று நான் கண்டேனா?

நிலத்தைப் பார்க்க ஆள் இருக்காதே என்று பயந்தாயா என்றும் கேட்பாய். அதுவும் கொஞ்சம் உண்டு. மறைத்து மறைத்து எனக்குச் சலித்துவிட்டது.

பால்பண்ணையிலிருந்து நேரே கான் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள். கான் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு, "எங்கிட்ட ஞாயித்துக்கெழம மன்னிப்புக் கேளு, எல்லாரும் இருக்கையில. மொதல்ல அவனுக்கு எழுது" என்றான். கேட்பேன். தந்தி அடிக்கலாமே என்றும் சொன்னான். நான்தான் வேண்டாமென்றேன். "குதிக்காதே" என்று மட்டும் தந்தி வந்தால், அக்காவுக்கு என்ன தெரியும் என்று இன்னும் வேகமாக ஓடுவாய். காரணம் முழுவதும் உனக்குத் தெரிய வேண்டும். கான் குதிரையோடு வாசலில் நிற்கிறான். மதியத் தபாலில் சேர்த்துவிட்டால் வியாழனன்று உன் கையில் இருக்கும் என்கிறான்.

சனிக்கிழமை குதிக்காதே, தம்பி. கெஞ்சித்தான் கேட்கிறேன், உத்தரவு போடும் தகுதி எனக்குப் போய்விட்டது. இத்தனையும் தெரிந்த பிறகும் குதிப்பேன் என்றால் அது உன் கால், உன் முடிவு. அந்த முடிவை ஒரு தடவை உன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். இனி செய்ய மாட்டேன்.

நீ திரும்பும் அன்று ஜெயித்தாயா என்று கேட்க ஸ்டேஷனில் பத்துப் பேர் நிற்பார்கள். நான் கேட்க மாட்டேன். நடைமேடையின் கடைசியில், சுவரோரமாக நிற்பேன். கிட்டே வந்து என்னைத் திட்டு. திட்டப் பிடிக்காவிட்டால் பேசாமல் கடந்து போ. கடவுள் உன்னைக் காக்கட்டும். நான் நிற்கும் இடம் வரைக்கும், யார் தோளையும் பிடிக்காமல், நீயாக நடந்து வா.

உன் அக்கா,
ஹனோரா