ஓ.ஜி. கிடைத்ததற்காக ஸ்தோத்திரம்

நவ. 16, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ராஜபாளையத்தில் நைட் டூட்டி முடித்த கையோடு பஸ், ஸ்ரீவில்லிபுத்தூரில் மாறி வத்திராயிருப்பு. நேரே ஆலயம். கண் சொருகிக்கொண்டு வருகிறது. போதகர் ஸ்தோத்திரக் காணிக்கை வாசிக்கிறார்: "கான்சாபுரம் கிரேஸ் அம்மாள், மகள் டாக்டர் ஜெபாவுக்கு மேற்படிப்பில் ஓ.ஜி., அதாவது பிரசவ மருத்துவம், கிடைத்ததற்காக..."

தூக்கம் போயே போச்சு.

எனக்கு இன்னும் எதுவும் கிடைக்கவே இல்லை. எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று கவுன்சலிங்கில் வரிசை போட வியாழன் வரை நேரம் இருக்கிறது. வெளியே வந்து அம்மாவைப் பிடித்தேன். "கிடைச்சிட்டுன்னு விசுவாசிச்சு மொதல்லயே ஸ்தோத்திரம் சொல்லணும். கிடைச்ச பொறவு சொல்ல எல்லாருக்குந்தான் தெரியும்."

அதற்குள் ஆளாளுக்கு வாழ்த்து. எஸ்தர் அக்கா நிறைமாத வயிற்றோடு வந்து, "பாப்பா, அடுத்ததுக்கு ஒங்கிட்டதான். நீ படிச்சிட்டு வாரவரைக்கும் பொறுத்துக்கிடுதேன்." சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய.

நவ. 17, திங்கள்

வெயில். ஓ.பி.யில் காய்ச்சல் கூட்டம். வாங்க வேண்டியது: சோப்பு, கொசுவத்தி, பேனா.

எனக்கு வேண்டியது பேத்தாலஜி. சதைத் துணுக்கைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்து நோயின் பெயரை எழுதும் வேலை. யாரும் என் கண்ணெதிரே சாக மாட்டார்கள். என் ரேங்குக்கு ரெண்டுமே வரும். அதுதான் சனியன். ஓ.ஜி. வராது என்றிருந்தால் எவ்வளவு நிம்மதி.

ரூம்மேட் நித்யா ஸ்கின், அதாவது தோல் மருத்துவம், எடுக்கப் போகிறாள். "பேத்தாலஜி படிச்சுட்டு ஒங்க ஊர்ல என்னத்தப் பாப்ப? தேங்காய்க்கு பயாப்ஸியா?" ரெண்டு பேரும் சிரித்தோம். பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. பாத்ரூமுக்குள் போய்விட்டேன்.

நவ. 19, புதன்

மழை. வரிசையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன்.

முத்துமாரி. ஹவுஸ் சர்ஜன் வருஷம். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது, பிறகு ரத்தம் நிற்கவில்லை. சீனியர் சொன்னபடி கர்ப்பப்பையை அமுக்கிப் பிடித்திருந்தேன். "கைய எடுத்துராதீங்கக்கா" என்றாள். எடுக்கவில்லை. அவள் போன பிறகு யாரோ வந்துதான் என் கையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து லேபர் வார்டு வாசலைக் கண்டாலே வாந்தி. இதை யாரிடமும் சொன்னதில்லை.

நாளை அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். என்னால் இனி முடியாது.

நவ. 20, வியாழன்

அம்மா ஹாஸ்டலுக்கே வந்துவிட்டாள். தூக்குவாளியில் மீன்குழம்பு. சாயங்காலத்தோடு வரிசை மூடிவிடும்.

எல்லாம் சொன்னேன். அம்மா அழுதாள். என் ரெண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

"அந்தப் புள்ள பேரென்ன?"

"முத்துமாரி."

"அவ பெத்த பிள்ளைக்காக இனி நான் தெனமும் ஜெபம் பண்ணுதேன். நீ பயப்படாத. ஓ.ஜி.யப் போடு ஏட்டி. சபை முன்னால சொன்ன வார்த்த."

"என்னால ஏலாதும்மா."

"ஏலும்."

போட்டேன். ஓ.ஜி. முதலில், பேத்தாலஜி அடுத்து. லாக் பண்ணியாச்சு. இனி மாற்ற முடியாது.

அம்மா என் தலையில் கைவைத்து ஜெபித்தாள். எனக்கு ஆமென் வரவில்லை.